சயாமுக்குப் போனவர்கள்

தாய்லாந்தின் காஞ்சனாபுரி நகரத்தில், ரயில் நிலையத்துக்கு அருகே, பசும்புல் தரையில் வரிசை பிறழாமல் அமைந்த ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகளைக் கொண்ட ஒரு யுத்த மயானம் இருக்கிறது. சயாமையும் பர்மாவையும் இணைக்க இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜப்பானிய ராணுவம் போட்ட ரயில் பாதையில் உயிர்விட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் அங்கே துயில்கிறார்கள். கல்லறைக்குக் கல்லறை பெயரும், படைப்பிரிவும், மரித்த தேதியும், பலவற்றில் கடல் கடந்திருந்த தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய ஒரு வாசகமும் பொறித்திருக்கின்றன. அதே ஊரில், பிரசித்தி பெற்ற இரும்புப் பாலத்துக்குச் சற்றுத் தொலைவில், 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. அதன் மதிலில் பதித்த பலகைகளுள் ஒன்று தமிழில் இருக்கிறது. இந்தப் பாதையில் மாண்ட தமிழர்களை அவர்கள் தாய்மொழியில் முதன்முதலாகக் கல்லில் குறித்து வைத்தது, அவர்களை அங்கே கொண்டுபோய் மடியச் செய்த அதே படைதான். அந்தப் பலகையில் பெயர் ஒன்றுமில்லை.

பெயர் ஒன்றுமில்லை என்பதே இக்கட்டுரையின் விஷயம். தமிழினம் அந்நிய மண்ணில் பட்ட பாடுகளுள் இத்தனை பேரை இவ்வளவு குறுகிய காலத்தில் பலிகொண்டது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. ஆயினும் நம் பாடப் புத்தகங்கள் அதைப் பற்றிப் பெரிதும் பேசுவதில்லை. அதைச் சுமந்து வந்தவர்கள் தப்பிப் பிழைத்துத் திரும்பிய சிலரும், திரும்பாதவர்களின் மனைவி மக்களும், அவர்கள் மடியில் கதை கேட்டு வளர்ந்த பேரர்களுமே. மலேசியத் தோட்டங்களில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு: ‘சயாமுக்குப் போனவங்க’. அப்படிச் சொன்னால் அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி மலாயாவின் கோத்தா பாருக் கரையில் இறங்கிய ஜப்பானியர், 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூரைக் கைப்பற்றினர்; அடுத்த மாதமே ரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற சேனைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப மலாக்கா ஜலசந்தியைச் சுற்றிக்கொண்டு கப்பல் ஓட்டுவது, நேச நாட்டு நீர்மூழ்கிகளின் தொல்லையால் நாளுக்கு நாள் அபாயகரமாயிற்று. ஆகவே தாய்லாந்தின் நொங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாத் வரை, மூன்று பகோடாக் கணவாய் வழியாக, 415 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு ரயில் பாதை போடுவதென்று முடிவு செய்தனர். மலையும், மூங்கில் காடும், வருஷத்தில் பாதி நாள் ஓயாத மழையும், மலேரியாக் கொசுவும் நிறைந்த பிரதேசம் அது. 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-ஆம் தேதி, இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்தாவில் சேர்ந்தபோது முடிந்தது. தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்தும் மலாக்காக் கிளைப் பாதையிலிருந்தும் பெயர்த்தெடுத்தவை. தமிழ்க் கூலிகளின் உழைப்பால் ஒரு காலத்தில் மலாயாவில் பதிந்த இரும்பு, மீண்டும் தமிழ்க் கூலிகளின் தோளில் ஏறிச் சயாம் காட்டுக்குப் போயிற்று.

போர்க் கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இதில் உழைத்தனர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். இவ்விஷயம் உலகுக்குத் தெரியும். அவர்களைவிடப் பல மடங்கு பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர், அதாவது பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர், அதே பாதையில் அதே வேலையைச் செய்தனர் என்பதும், அவர்களுள் மாண்டவர் தொகையை ஏறத்தாழ 90,000 என்று நேச நாட்டார் மதிப்பிட்டனர் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரம் பேரளவில் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர். ‘ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்’ என்று அப்பாதையைப் பற்றிச் சொல்வார்கள். கணக்குப் பிள்ளைகள் கணக்கெழுதாத இடத்தில் ஜனங்கள் இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

தோட்டத் தமிழர் ஏன் அகப்பட்டார்கள் என்பதை அறிய, யுத்தத்துக்கு முந்திய அவர்கள் நிலையைச் சிறிது பார்க்க வேண்டும். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளோடு கப்பலேறிப் போய், லயத்து வீடுகளில் குடியமர்ந்து, விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துப் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆண் கூலிக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு என்றிருந்த காலத்தில், கூலி உயர்வும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் அவமானத்திலிருந்து விடுதலையும் கேட்டு, 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்; சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிச் சுட்டு அதை அடக்கிற்று. சில மாதங்களுக்குள் அதே துரைமார் தோட்டங்களைப் போட்டது போட்டபடி விட்டுச் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். ரப்பருக்கு வாங்குவோர் இல்லை. பர்மா அரிசி வருவதில்லை. சாக்குத் துணியை உடுத்தி, மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஜனங்கள் உயிர் தரித்தனர். வேலையில்லாமல், நாதியில்லாமல், ஓரிடத்தில் குவிந்து கிடந்த அத்தனை உழைப்பாளிகளை ஜப்பானியர் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

முதலில் ஆசை காட்டினார்கள். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி (நூறு காசு) கூலி, சாப்பாடு, இருக்க இடம், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். ஐம்பது காசுக்குப் பட்டாளத்தின் துப்பாக்கியைச் சந்தித்தவனுக்கு ஒரு வெள்ளி என்பது சாமானியமான வார்த்தையல்ல. முதலில் போனவர்கள் மூன்று மாதமாகியும் திரும்பாததும், காடு எப்படிப்பட்டது என்ற செய்தி மெல்லக் கசிந்ததும், விரும்பிப் போவோர் குறைந்தனர்; பிறகு பலாத்காரம் தொடங்கிற்று. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று தொகை விதித்து, தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமாரிடமும் கங்காணிமாரிடமும் பட்டியல் கேட்டனர். லாரிகள் இரவில் லயத்துக்கு முன் வந்து நின்றன. ஆண்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். இலவசமாகச் சினிமாக் காட்டுவதாக ஜனங்களை அழைத்து, படம் ஓடிக்கொண்டிருக்கையில் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி, தப்பி வந்தவர்களின் வாய்மொழியில் திரும்பத் திரும்ப வருகிறது. சந்தைக்குப் போனவன், கடைக்குப் போன சிறுவன் என்று வழியில் அகப்பட்டவர்களும் உண்டு. வீட்டில் ஒரு சொல் சொல்லிக்கொள்ளவும் அவகாசம் கிடைக்காதவர்கள் இவர்கள்.

நான்கைந்து நாள் பிரயாணம். இரும்புச் சுவர் அடித்த அரிசி வாகன்களில் முப்பது பேருக்கு மேல் திணித்துக் கதவை இழுத்து மூடினார்கள். பகலில் இரும்பு காய்ந்து உடம்பைச் சுட்டது, இரவில் குளிர்ந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் படுக்க இடமில்லை. மலஜல உபாதைக்கு ரயில் நின்றால்தான் உண்டு. பான்பொங்கில் இறக்கிய பிறகு காட்டுக்குள் நடை: குவாய் நோய் நதியை ஒட்டி, சேற்றில், நூறு, இருநூறு கிலோமீட்டர் என்று நாட்கணக்காக. குடும்பத்தோடு போனவர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆம், பெண்டு பிள்ளைகளும் அங்கே போனார்கள். நடக்க முடியாதவர்களை வழியில் விட்டுவிட்டு மேலே போகும்படி ஆயிற்று. பிழைத்து வந்த முதியவர்கள் பிற்காலத்தில் தங்கள் கதையைச் சொல்லும்போது, வேலையைப் பற்றிச் சொல்வதைவிட இந்த நடையைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. மனிதன் தனக்குப் பின்னால் விட்டுவந்ததை மறப்பதில்லை.

மூங்கிலைப் பிளந்து பரப்பிய நீண்ட பரண், மேலே அத்தாப்புக் கூரை, பல இடங்களில் அந்தக் கூரையும் இல்லை: இதுதான் இருப்பிடம். காடு வெட்டுவதும், மண் சுமந்து கரை கட்டுவதும், பாறையில் வெடி வைத்த பிறகு கல்லை அள்ளுவதும், பாலத்துக்கு மரம் இழுப்பதும் வேலை. மூங்கில் முள் கிழித்த சிறு கீறல் சில நாளில் அழுகிப் புண்ணாகி எலும்பு தெரியும்வரை அரிக்கும். 1943-இல் வேலையைத் துரிதமாக முடிக்கும்படி தோக்கியோவிலிருந்து கட்டளை வந்தது. அதே ஆண்டு மழையும் வழக்கத்துக்கு முன்னரே பிடித்துக்கொண்டது. அம்மழையோடு காலராவும் வந்தது. மே, ஜூன் மாதங்களில் நீக்கே முதலிய மேல்பகுதி முகாம்களில் அது தாண்டவமாடிற்று. காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் பிணமானான். குழி தோண்டுகிறவர்களே அடுத்த குழிக்கு உரியவர்களானார்கள். வியாதியஸ்தர்களைத் தனியே ஒரு கொட்டகையில் தள்ளி, உயிர் பிரியாதவர்களையும் பிரேதங்களோடு சேர்த்து எரித்தார்கள் என்று தப்பி வந்தோர் பலர் சாட்சி சொல்லியிருக்கின்றனர். கேட்கவே கூசும் இந்தச் சங்கதியை அவர்கள் மிகைப்படுத்தினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அம்முகாம்களைக் கண்ட வெள்ளைக்காரக் கைதிகளின் நாட்குறிப்புகளிலும் ஏறக்குறைய இதே காட்சிகள் உள்ளன.

வெள்ளைக்காரக் கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள், இறந்தார்கள். அவர்களுடைய துன்பத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் அவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்த இடத்தில் நம்மவர் அதைவிட எவ்வளவோ அதிகமாக மடிந்ததற்குக் காரணம் உண்டு. கைதிகள் ஒரு ராணுவமாகவே சிறைப்பட்டார்கள். அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகளும், பயிற்சி பெற்ற வைத்தியர்களும் வந்தனர். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது, மலக்குழியை மூடிவைக்க வேண்டும், பாத்திரத்தைக் கொதிநீரில் நனைக்க வேண்டும் என்று கட்டளையிடவும் அதை நிறைவேற்றவும் அங்கே ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ வைத்தியன் இல்லை, தலைவன் இல்லை, ஜப்பானியனிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மொழியும் இல்லை. நாள் முழுதும் மழையில் நனைந்து வந்தவன் ஈர விறகை ஊதித் தண்ணீர் காய்ச்சுவான் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அவன் ஆற்று நீரைக் குடித்தான். ஆற்றின் மேல்பகுதியில் இன்னொரு முகாம் இருந்தது. நிலைமை கைமீறிய பிறகு, 1943 ஜூன் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும், சிங்கப்பூரின் சாங்கி முகாமில் இருந்த கைதிகளிலிருந்து வைத்தியர்களையும் உதவியாளர்களையும் ‘கே’ படை, ‘எல்’ படை என்ற பெயரில் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர். லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு. மருந்தும் இல்லாமல் அவர்கள் என்ன செய்ய முடியும்? ஆயினும் நம்மவருக்காகக் கையாலானதைச் செய்த அந்த அந்நியர்களை நன்றியோடு நினைப்பது நம் கடமை.

அந்த வருஷம் ஜூலை 2-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அவர் பேச்சைக் கேட்க ஆயிரக்கணக்கில் தமிழர் திரண்டனர். தோட்டத்துப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தனர். இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். சயாமுக்குப் பிடித்துப் போய்விடுவார்களே என்ற பயத்தாலும் சேர்ந்தவர்கள் உண்டு. அதே ஜூலை மாதத்தில்தான், வடக்கே சில நாள் பிரயாண தூரத்தில், காலராவில் சேலத்தானும் தஞ்சாவூரானும் செத்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு தேசிய ராணுவ வீரர்கள் பலர் பர்மாப் போர்முனைக்குப் போனது இந்தப் பாதை வழியாகத்தான். வீரத்தின் சரித்திரம் எழுதப்பட்டது, எழுதப்பட வேண்டியதே. ஆனால் அந்தப் பிரகாசத்தின் பக்கத்தில் இருந்ததனாலேயே இந்தத் துக்கம் மக்கள் கண்ணுக்குப் படாமல் போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

இனி, போகாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் போன பிறகு லயத்தில் தங்கிய பெண் என்ன செய்தாள்? கடிதம் இல்லை. இறந்தான் என்ற சேதியும் இல்லை. போனவன் வருவானா என்று தெரியாத நிலையில் தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? பொட்டிடுவதா, அழிப்பதா? ஊரார் ஒன்று சொன்னார்கள், உறவினர் வேறு சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளைகளோடு பட்டினி கிடக்க முடியாமல் வேறொருவனோடு வாழ்க்கைப்பட்டவள் உண்டு. அதன் பிறகு முதல் புருஷன் எலும்பும் தோலுமாக லயத்து வாசலில் வந்து நின்றதும் உண்டு. கடைசிவரை சுமங்கலியாகவே இருந்து, தொண்ணூறாம் வயதில் பொட்டோடும் மஞ்சளோடும் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. சில வீடுகளில் அமாவாசையில் படைத்தார்கள். சில வீடுகளில் லாரி வந்து அழைத்துப் போன நாளையே நினைவு நாளாக வைத்துக்கொண்டார்கள். சிலர், படைத்தால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகுமே என்று படைக்கவே மறுத்தார்கள். சாப்பாட்டுக்கு உட்காருமுன் ஒரு பிடி சோற்றை எடுத்துத் தனியே வைத்த தாய்மார்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால், யுத்தம் 1945-இல் முடிந்ததென்று சொல்ல நாக் கூசுகிறது.

பிழைத்தவர்கள் 1945-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலுமாகத் திரும்பினர். தாய் தந்தையைக் காட்டில் புதைத்துவிட்டுத் தனியே வந்த குழந்தைகள் அவர்களுள் இருந்தனர். பலர் வரவேயில்லை, சிலர் தாய்லாந்திலேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்ணை மணந்து, தமிழை மறந்தனர். இந்தப் பாடுகளுக்கு இடையிலும் கூலியில் மிச்சம் பிடித்து இடுப்பில் முடிந்து வந்தவர்களிடம் இருந்தது வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு. பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாதென்று அறிவித்துவிட்டார்கள். தோட்டத்தில் மறுபடியும் பிரட்டு, மறுபடியும் பால்மரம். 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஆறு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேலிருந்த மலாயா இந்தியர் தொகை, 1947-இல் ஆறு லட்சத்துக்கும் சற்றுக் குறைந்திருந்தது. 1938-இல் இந்திய சர்க்கார் கூலிக் குடியேற்றத்தைத் தடுத்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆயினும் பதினாறு ஆண்டுகளில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட பின்னும் ஒரு ஜன சமூகம் சிறுத்துப்போயிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ரயில் பாதை என்னவாயிற்று? 1946-இல் பிரிட்டிஷார் அதை ஐந்து கோடி பாட் விலைக்குத் தாய்லாந்துக்கு விற்றனர். பர்மா எல்லைப் பக்கத்துப் பாதையைப் பெயர்த்தெறிந்தனர். இன்று நாம்தோக் என்ற ஊர் வரையில் ரயில் ஓடுகிறது. உல்லாசப் பிரயாணிகள் ஜன்னலில் சாய்ந்து படமெடுக்கிறார்கள். காலரா தலைவிரித்தாடிய நீக்கே, கொன்கொய்தாப் பகுதிகளை 1980-களில் கட்டி முடித்த ஓர் அணையின் நீர்த்தேக்கம் மூடிக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார், ஜப்பானியர் கையில் சிறைப்பட்டு எஞ்சியிருந்த தன் வீரர்களுக்கும் மறைந்தோரின் விதவைகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் பவுன் கொடுத்தது. பிரிட்டிஷ் துரைமாரின் தோட்டங்களில், பிரிட்டிஷ் கொடியின்கீழ், பிரிட்டிஷ் பிரஜைகளாக வாழ்ந்து பிடிபட்ட தமிழ்த் தொழிலாளிகளுக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஜப்பானும் மலேசியாவும் 1967-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நஷ்ட ஈடாகக் கப்பல்கள் வந்தன. லயத்து வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. இது அநீதி. வேறு மிருதுவான சொல்லால் இதைக் குறிப்பிட நான் விரும்பவில்லை.

ஐரோப்பியக் கைதிகளின் நினைவைப் புத்தகங்களும் சினிமாவும் காப்பாற்றின. ‘குவாய் நதிப் பாலம்’ என்ற 1957-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்று உலகெங்கும் ஓடிற்று. அது படமாக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில்; சுற்றிலும் மலையகத் தமிழர் உழைக்கும் தோட்டங்கள். ஆனால் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கதையில் இடமில்லை. அவர்களைப் பற்றி எழுத மலேசியத் தமிழர்களே முன்வர வேண்டியிருந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய நாவல்கள் அந்தக் கடனைத் தீர்க்க எழுந்தவை. தமிழகத்து வாசகர்களில் எத்தனை பேர் இவற்றைப் படித்திருப்பார்கள்? மலேசியாவில் மரண ரயில் ஆர்வலர் குழுவொன்று, பிழைத்தவர்களையும் வாரிசுகளையும் தேடிப் பிடித்து அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்து, காஞ்சனாபுரிக்கு யாத்திரையாக அழைத்துச் சென்று வந்திருக்கிறது. அங்குள்ள வாட் தாவோர்ன் கோயிலில், ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளரின் எச்சங்கள் சேர்ந்த இடத்தில், நம்மவர் முயற்சியால் அண்மையில் ஒரு நடுகல்லும் எழுந்திருக்கிறது. 1990-இல் அதே ஊரில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் அகப்பட்டபோது, அவை இன்னாருடையவை என்று சொல்லக்கூடிய ஒருவரும் இல்லை.

நம்மவர் இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்ததேன் என்று கேட்கலாம். படிப்பில்லை, நாட்குறிப்பு இல்லை என்பது பாதிக் காரணம்தான். பட்டியல் எழுதிக் கொடுத்த கிராணியும், அதில் பெயர் வந்தவனுடைய மனைவியும் யுத்தத்துக்குப் பின்னும் அதே தோட்டத்தில் வாழ்ந்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அந்தக் கிராணியும் பல இடங்களில் கத்திமுனையில் எழுதியவன்தான். தன் மகனுக்குப் பதிலாக இன்னொருத்தி மகனைக் காட்டிக்கொடுத்தவர்கள், மறுமணம் செய்துகொண்டவர்கள், வழியில் தம்பியை விட்டுவிட்டு நடந்தவர்கள் என்று ஒவ்வொருவர் நெஞ்சிலும் பேசினால் வெடித்துவிடும் ஒன்று இருந்தது. ஆகவே பேசாமல் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் யார்?

வாய்மொழியை நம்பலாமா என்று சரித்திர ஆசிரியர் சிலர் ஐயுறுவதுண்டு. பிழைத்தவர்கள் மாதத்தை மாற்றிச் சொல்வார்கள். முகாமின் பெயரைத் தவறாகச் சொல்வார்கள். கேட்டதையும் கண்டதையும் கலப்பார்கள். ஆனால் எத்தனை பேர் ஒரு பரணில் படுத்தோம், சோறு எந்த வாடை அடித்தது, எந்தக் கையில் அடி விழுந்தது, அண்ணன் கடைசியாக என்ன கேட்டான் என்பவற்றில் அவர்கள் தடுமாறுவதில்லை. சர்க்கார் தஸ்தாவேஜில் தேதி கிடைக்கும்; இவை கிடைக்கா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்கே நடந்தது புலப்படும். பிழைத்தவர்களில் இன்னும் இருப்போர் இப்போது தொண்ணூறு, நூறு வயதை ஒட்டியவர்கள். கேட்டுக்கொள்ளக் கூடியவர்கள் இனி பெரும்பாலும் அவர்களுடைய மக்களும் மருமக்களும் பேரர்களுமே.

இந்த விஷயத்தில் யூத ஜனங்கள் செய்த காரியம் நமக்கு வழிகாட்டக் கூடியது. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் பேருக்குக் கல்லறையில்லை. ஜெருசலேமில் 1953-இல் நிறுவிய யாத் வஷேம் என்ற நினைவு ஸ்தாபனம், உலகெங்குமுள்ள உறவினர்களிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தது: இறந்தவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தொழில், கடைசியாகக் கண்ட இடம், இருந்தால் ஒரு படம். மகன் தந்தைக்காக எழுதினான், அண்டை வீட்டான் ஒரு குடும்பம் முழுவதற்குமாக எழுதினான். இன்று இந்தத் தாள்களும் பிற ஆவணங்களுமாகச் சேர்ந்து நாற்பத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அங்கே இருக்கின்றன. ராஜாங்கம் எழுதாத கல்லறைகளை உறவினர் எழுதினார்கள். நம்மவர் தொகை அதைவிட மிகச் சிறிது. ஒரு சமூகம் மனம் வைத்தால் முடிக்கக் கூடிய வேலை.

இது மலேசியத் தமிழர் வேலை மட்டுமன்று. 1942-க்கு முன் மலாயாவிலிருந்து மணியார்டர் வந்துகொண்டிருந்து, அதன் பிறகு வராமலே போன வீடுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ இருந்தன. ‘பெரியப்பா பினாங்குக்குப் போனவர் திரும்பவில்லை’ என்று ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோன பல குடும்பக் கதைகளின் மறுபாதி சயாம் காட்டில் இருக்கலாம். இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். பழைய டிரங்குப் பெட்டியில் கடிதமோ, மணியார்டர் ரசீதோ, கப்பல் சீட்டோ, தோட்டத்தின் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதமோ இருந்தால் அதை எறிந்துவிட வேண்டாம். போனவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கங்காணி யார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எந்த வருஷம் என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, சொன்னவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். மலேசியாவில் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சொல்லத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, இந்த மாதத்திலேயே, கேட்டு எழுதிவிடுங்கள்.